பின்பக்கக் கதைகள்

எங்கள் வீட்டில் கதைப் புத்தகம் என்றால் கடையில் வாங்கியது இல்லை. கிழித்து, அடுக்கி, தைத்து வாங்கியது. வாரப் பத்திரிகையில் தொடர்கதை வரும். வீட்டில் எல்லாரும் படித்து முடித்த பிறகு பின்னைக் கழற்றி, அந்தப் பக்கங்களை மட்டும் உருவி, டிரங்குப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். தொடர் முடிய ஒரு வருஷம் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். முடிந்ததும் கட்டு சிவாஜி நகருக்குப் போகும். காலிகோ முதுகும் மார்பிள் பேப்பர் அட்டையுமாகத் திரும்பி வரும். தமிழ்க் குடும்பங்களில் எழுபதுகளின் கடைசி வரை பரவலாக இருந்த வழக்கம் இது. மதுரையிலும் இருந்தது, யாழ்ப்பாணத்திலும் இருந்தது. நான் பார்த்தது ரிச்சர்ட்ஸ் டவுனில்.

ரிச்சர்ட்ஸ் டவுன் என்றதும் பெங்களூர்க்காரர்கள் பூங்காவைச் சொல்வார்கள், ஓடு வேய்ந்த பங்களாக்களைச் சொல்வார்கள், 1914-இல் தொடங்கிய கிளாரன்ஸ் பள்ளிக்கூடத்தைச் சொல்வார்கள். எல்லாம் சரிதான். பங்களாக்களுக்குப் பின்னால் சந்துகளும் இருந்தன என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன். அந்தச் சந்துகளில் தமிழ் பேசினார்கள். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் போட்டபோது மெட்ராஸ் பட்டாளத்தோடு வந்தவர்கள், பட்டாளத்துக்குக் காய்கறியும் துணியும் செங்கல்லும் கொடுக்க வந்தவர்கள், அவர்கள் வீட்டில் சமைக்க வந்தவர்கள் என்று வட ஆற்காட்டிலிருந்து ஒரு கூட்டமே குடியேறியிருந்தது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்ததும் போக்குவரத்து இன்னும் சுலபமாகிவிட்டது. 1898-இல் பிளேக் வந்து, நெரிசலான பேட்டைகளை விட்டு ஜனங்கள் வெளியேற, பக்கத்து ஃப்ரேசர் டவுன் உருவானது. எங்கள் தாத்தா ஆரணிக்காரர். சிகரெட் ஃபாக்டரியில் வேலை கிடைத்து வந்தவர், திரும்பிப் போகவில்லை.

தெருவில் தமிழ், கடையில் உருது, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், சர்க்கார் ஆபீஸில் கன்னடம். அதுதான் எங்கள் ஏற்பாடு. இதில் தமிழைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய பொறுப்பு யாருடையதும் இல்லை. என் தலைமுறையில் எங்கள் சந்துப் பிள்ளைகள் பலர் எழுத்துக் கூட்டியது தொடர்கதைப் பக்கங்களில்தான். நானும் அப்படித்தான். முதலில் படத்தின் கீழே இருக்கும் வரி, பிறகு அத்தியாயத் தலைப்பு, பிறகு உள்ளே. அதனால் கதைகளைப் பற்றி என் அபிப்பிராயங்களில் கொஞ்சம் பிடிவாதம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் நாவல் பிறந்தபோது தொடர்கதையாகப் பிறக்கவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் நேராகப் புத்தகமாகத்தான் வந்தது. பி.ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் மாதாமாதம் வந்து, 1896-இல் புத்தகமானது. பிறகு ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார், எங்கள் ஊர்க்காரர் ஆரணி குப்புசாமி முதலியார் என்று துப்பறியும் கதைக்காரர்களின் காலம். ஆரணியார் இங்கிலீஷ் நாவல்களைத் தமிழ்நாட்டுக்கு மாற்றி எழுதினார். லண்டன் பனிமூட்டம் அவர் கையில் மார்கழிப் பனியாகிவிடும். தாத்தாவுக்கு அவரைத் தவிர வேறு எழுத்தாளர் கிடையாது. ஊர்ப்பாசம்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். பெரியவளாகிப் படித்துப் பார்த்தபோது கதை ஓட்டத்துக்காகவே படிக்கலாம் என்று தோன்றியது. பாத்திரங்கள் மட்டும் மரப்பாச்சிகள். 1925-இல் 'ஜகன்மோகினி'யை வாங்கி நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் தன் நாவல்களைத் தன் பத்திரிகையிலேயே தொடராகப் போட்டார், நூற்றுக்கும் மேல் எழுதினார். எங்கள் அம்மா வழியில் அவருக்குப் பெரிய மரியாதை. எனக்கு இரண்டுக்கு மேல் தாங்கவில்லை. உபதேசம் அதிகம்.

வாராவாரம் தொடர் என்ற சங்கதியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 'ஆனந்த விகடன்'. 1928-இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு அது வந்தது. 1937-இல் கல்கி அதில் 'கள்வனின் காதலி'யைத் தொடங்கினார். அடுத்து வந்த 'தியாக பூமி'யில் ஒரு புதுமை செய்தார்கள். கே. சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருக்க, தொடரில் ஓவியத்துக்குப் பதில் சினிமா ஸ்டில்களை அச்சிட்டார்கள். எங்கள் அத்தையிடம் அந்த பைண்டு இருந்தது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கை கழுவிவிட்டு வரச் சொல்வாள். 1941-இல் கல்கி விகடனை விட்டு வந்து சதாசிவத்தோடு 'கல்கி' என்று சொந்தப் பத்திரிகை ஆரம்பித்தார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை', பிறகு 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை 'பொன்னியின் செல்வன்'.

மெட்ராஸிலிருந்து ராத்திரி கிளம்பும் பெங்களூர் மெயிலில் பத்திரிகைக் கட்டுகள் வரும். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் விடிகாலையில் இறக்கிவிடுவார்கள். சைக்கிளில் கொண்டுவரும் ஆள் எங்கள் சந்துக்கு வரும்போது ஏழு மணி ஆகிவிடும். முதலில் படிப்பது நைனா. பிறகு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து எங்கள் பாட்டி ஆயாவுக்கு வாசித்துக் காட்டுவாள். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது.

பைண்டிங்கில் பெரிய வேலை தைப்பதில்லை, அடுக்குவதுதான். ஒவ்வொரு இதழிலும் பக்க எண் புதிதாக ஆரம்பிக்கும். இந்த வாரம் கதை 9-ஆம் பக்கத்தில், அடுத்த வாரம் 13-இல். பைண்டு செய்யும் சிவாஜி நகர் பாய்க்கு உருது தெரியும், தமிழ் எழுத்து தெரியாது, எண் மட்டும் தெரியும். அவரிடம் அப்படியே கொடுத்தால் எல்லா 9-ஆம் பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிடுவார். "முதலியார் ஸாப், நீ சிவப்புப் பென்சில்லே நம்பர் போட்டுக் குடு, நான் கண்ணை மூடிக்கிட்டுத் தெச்சித் தரேன்" என்பார். அதனால் எங்கள் பைண்டுகளில் ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் சிவப்புப் பென்சில் எண் இருக்கும். நைனா எண் போடுவதற்கு முன்னால் வரிசைப்படுத்துவது ஆயா. எழுத்துத் தெரியாதவள் படங்களைப் பார்த்தே அடுக்குவாள். 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த நந்தினி எந்தக் கொண்டையோடு எந்தக் கட்டத்தில் வருகிறாள் என்பது அவளுக்கு மனப்பாடம். கேட்ட கதையையும் கண்ட படத்தையும் வைத்துக்கொண்டு மூன்றரை வருஷத்துத் தாள்களை அவள் ஒழுங்கு செய்தாள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

பாய் மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்து, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார். தாள்கள் ஒற்றை ஒற்றையாக இருப்பதால் நடுவில் மடித்துத் தைக்க முடியாது. ஓரத்தில் துளையிட்டுத்தான் தைக்க வேண்டும். அதனால் உள் ஓரத்து எழுத்துகள் தையலுக்குள் போய்விடும். புத்தகத்தை முழுக்க விரிக்க முடியாது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும். கடைசியில் மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவார். அதில் சிவப்பு எண்கள் சில அரைகுறையாகப் போய்விடும். முதுகில் பெயர் எழுதும் பொறுப்பு நைனாவுடையது. அவர் எழுத்து கோணலாக இருக்கும்.

இங்கிலாந்திலும் இது நடந்திருக்கிறது. டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836, 37-இல் மாதம் ஒரு ஷில்லிங் விலையில் பகுதி பகுதியாக வந்தது. வாங்கியவர்கள் சேர்த்து பைண்டு செய்துகொண்டார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு வசதி. அந்தப் பகுதிக்குள் டிக்கன்ஸ் மட்டும்தான். பக்க எண்ணும் தொடர்ந்து போகும், விளம்பரங்களைத் தனியாகக் கழற்றிவிடலாம். நம்முடையது பல பேர் எழுதிய வாரப் பத்திரிகையிலிருந்து பிய்த்தெடுத்தது. தொடரின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் வேறு யாரோ எழுதிய சிறுகதை ஆரம்பித்திருக்கும், முதல் பக்கத்துக்கு முன்னால் இன்னொரு தொடரின் வால் இருக்கும். கேசவர்த்தினி, அமிர்தாஞ்சன், லோத்ரா விளம்பரம் இருக்கும். ஒரு தாளை எடுத்தால் இரண்டு பக்கமும் வந்துதான் ஆக வேண்டும். எந்தக் கதையை பைண்டு செய்வது என்று வீட்டில் முடிவு செய்வார்கள். முடிவில் தோற்ற கதை ஜெயித்த கதையின் முதுகில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு வரும்.

பிரபலமான கதை, பிரபலமாகாத கதை என்பதை நான் முதன்முதலில் தெரிந்துகொண்டது இப்படித்தான். முன்பக்கம் வந்தியத்தேவன். பின்பக்கம் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய கதையின் ஒரே ஒரு பக்கம். அதில் ஒரு பெண் குன்னூர் ரயிலில் ஏறுகிறாள். கையில் குழந்தை இல்லை, ஆனால் பால்புட்டி இருக்கிறது. அதோடு சரி. தாள் முடிந்துவிட்டது. தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. வந்தியத்தேவன் என்ன ஆனான் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பெண்ணைப் பற்றி இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்படிப் பின்பக்கங்களை மட்டுமே வரிசையாகப் படிப்பது சின்ன வயசில் என் விளையாட்டு. சில பக்கங்கள் முன்பக்கத்தை விட நன்றாக எழுதப்பட்டிருந்தன என்று இன்றைக்கும் சொல்வேன்.

முன்பக்கங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'பொன்னியின் செல்வ'னில் முதல் இரண்டு பாகம் ஓடுகிற ஓட்டத்துக்குத் தமிழில் ஈடு இல்லை. ஐந்தாம் பாகம் நீளம். எங்கள் வீட்டில் அதை மட்டும் இரண்டாகத் தைக்க வேண்டியிருந்தது. அத்தனைக்குப் பிறகும் வாசகர்கள் திருப்திப்படாமல் கேள்வி கேட்டு, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டி வந்தது. வாரம் ஒரு முடிச்சு போட்டுப் பழகிய கை, எல்லாவற்றையும் அவிழ்க்கும் இடத்தில் சோர்ந்துபோகிறது. 'சிவகாமியின் சபதம்' அப்படி இல்லை. நாகநந்திக்காகவே அதை மேலே வைப்பேன். 'அலை ஓசை'க்கு கல்கி இறந்த பிறகு 1956-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. எங்கள் வீட்டில் அதை பைண்டு செய்யவில்லை. சீதா படும் பாட்டை ஆயா ஒருமுறை கேட்டதே போதும் என்றுவிட்டாளாம். பரிசுக் குழுவும் ஆயாவும் ஒத்துப்போகவில்லை.

சாண்டில்யன் 'குமுத'த்தில் எழுதிய 'கடல்புறா' எங்களிடம் முழுசாக இருந்தது. கடற்போர் வரும் அத்தியாயங்களை நான் இன்றைக்கும் ரசிப்பேன். நடுவில் கதாநாயகியின் அங்க வர்ணனை வரும்போது கப்பல் நங்கூரம் பாய்ச்சி நின்றுவிடும். எங்களைப் போன்ற பெண் பிள்ளைகள் படிக்கக்கூடாது என்று அம்மா அந்தப் பக்கங்களைக் குண்டூசியால் சேர்த்துக் குத்தி வைத்திருந்தாள். குண்டூசி இருந்ததால்தான் எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் தெரிந்தது. நா. பார்த்தசாரதி மணிவண்ணன் என்ற பெயரில் 'கல்கி'யில் எழுதிய 'குறிஞ்சி மலர்' வந்தபோது பிறந்த குழந்தைகளுக்குப் பூரணி, அரவிந்தன் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் சந்திலேயே ஒரு பூரணி உண்டு. அரவிந்தன் பேசுவது எல்லாம் மேடைப் பேச்சு. அந்த மாதிரி ஒரு மாப்பிள்ளை எனக்கு வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன், வேண்டுதல் பலித்தது. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' வேறு ஜாதி. 1968-இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு நாவலும் அவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் பாவம். தஞ்சாவூர் ஜில்லாவின் ஒரு உலகமே அதில் இருக்கிறது. கோபுலு படங்கள் இல்லாமல் அதைப் படிப்பது எனக்குப் பாதிதான்.

எல்லாருக்கும் மேலே நான் வைப்பது தேவனை. விகடனில் நிர்வாக ஆசிரியராக இருந்தவர். 'மிஸ் ஜானகி', 'கல்யாணி', 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்', 'துப்பறியும் சாம்பு' எல்லாம் அதில்தான் வந்தன. 1957-இல் நாற்பத்து மூன்று வயசில் இறந்துபோனார். அவர் உயிரோடு இருந்தவரை இந்தத் தொடர்கள் புத்தகமாக வரவில்லை. அப்படியானால் அத்தனை வருஷம் தேவனைத் திரும்பப் படிக்க வேண்டும் என்றால் என்ன வழி? யாராவது வீட்டில் கிழித்துத் தைத்து வைத்திருந்தால் உண்டு. எங்கள் நைனாவைப் போன்ற குமாஸ்தாக்களும், சிவப்புப் பென்சிலும், மயில்துத்தப் பசையும்தான் தேவனுக்குப் பதிப்பகம். ஜூரிகள் உட்கார்ந்து கேட்கும் ஒரு கொலை வழக்கை 'ஜஸ்டிஸ் ஜகந்நாதனி'ல் அவர் நடத்தும் விதத்தைப் பாருங்கள். குரலை உயர்த்தாமலே ஒரு சமூகத்தைக் கூண்டில் ஏற்றுகிறார். நகைச்சுவை எழுத்தாளர் என்று முத்திரை குத்தி ஓரமாக வைத்துவிட்டார்கள். சரித்திர நாவலுக்குக் கிடைத்த மரியாதை சிரிப்புக்குக் கிடைக்கவில்லை.

ஜெயகாந்தனால் எங்கள் அலமாரியில் ஒரு குழப்பம் உண்டு. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' முதலில் 'தினமணி கதிரி'ல் 'காலங்கள் மாறும்' என்ற தலைப்பில்தான் வந்தது. 1972-இல் அதற்கு அகாதெமி பரிசு அறிவித்தபோது அம்மா, "இது நாம படிச்ச கதை மாதிரி இருக்கே" என்று அலமாரியைத் திறந்து பார்த்தாள். முதுகில் நைனாவின் கோணல் எழுத்தில் 'காலங்கள் மாறும்' என்றே இருந்தது. கங்காவின் கதையை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் படித்தோம், கேட்டோம். ஆயா ஒன்றுமே சொல்லவில்லை. அலை ஓசையைத் தள்ளியவள் இதை பைண்டு செய்ய விட்டாள் என்பதுதான் அவளுடைய விமர்சனம்.

எழுபதுகளில் நான் டெலிபோன் ஃபாக்டரியான ஐ.டி.ஐ.யில் வேலைக்குச் சேர்ந்தேன். தூரவாணி நகருக்குப் போகும் ஃபாக்டரி பஸ்ஸில் எங்கள் பெண்கள் கூட்டத்துக்குள் 'குமுதம்' கை மாறும். அப்போதைய ராஜா சுஜாதா. 1968-இல் 'நைலான் கயிறு' எழுதித் தொடர்கதைக்கு வந்தவர். பெங்களூரிலேயே பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயர். எங்களுக்கு அது பக்கத்துக் கம்பெனி மாதிரி. நாங்கள் டெலிபோன் பூட்டுகிறோம், அவர் கம்பெனியில் ரேடார் பூட்டுகிறார்கள் என்று ஒரு பொய்யான பொறாமையோடு படித்தோம். அவர் வாக்கியத்தை வெட்டி எழுதினார். கணேஷும் வசந்தும் பேசுவது மாதிரி தமிழில் அதற்கு முன் யாரும் பேசவில்லை. ஆனால் தொடர்கதையின் பலவீனம் அவரிடமும் உண்டு. ஆரம்பம் அபாரம், முடிவு அவசரம். 'கரையெல்லாம் செண்பகப்பூ' விதிவிலக்கு. அதை ஜெயராஜ் படங்களோடு நானே கிழித்து அடுக்கினேன். எங்கள் வீட்டில் கடைசியாகத் தைத்த சிலவற்றில் அது ஒன்று.

இந்த வழக்கம் எப்படி முடிந்தது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1969-இல் அகிலனின் 'பொன்மலர்' முதல் இதழாக 'ராணி முத்து' வந்தது. ஒரு முழு நாவல், மலிவு விலையில், ஒரே இதழில். பிறகு 'மாலைமதி' வந்தது, எண்பதுகளில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, ரமணிசந்திரன் என்று பாக்கெட் நாவல்கள் கொட்டின. காத்திருக்க ஒன்றுமில்லை, சேர்க்கவும் ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஏறும்போது ஆரம்பித்து இறங்கும்போது முடித்துவிடலாம். ராஜேஷ்குமாரை நான் இளப்பமாகப் பேச மாட்டேன். ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்ணைத் தூங்காமல் வைத்திருப்பது சுலபமான காரியம் இல்லை. ஆனால் இரண்டாம் முறை படிக்க வைத்தது ஒன்றும் நினைவில்லை. இன்னொரு பக்கம் வானதி போன்ற பதிப்பகங்கள் கல்கியையும் சாண்டில்யனையும் நல்ல கட்டில் அச்சிட்டு விற்றன. கடையில் கிடைக்கும்போது யார் பசை காய்ச்சுவார்கள்? 1991 டிசம்பரில் காவிரி விவகாரத்தில் ஊரில் கலவரம் வந்தபோது எங்கள் பக்கத்துக் கடைகளில் தமிழ்ப் பத்திரிகைகளைக் கொஞ்ச நாள் தொங்கவிடவில்லை. மறுபடி தொங்கவிட்டபோது நான் தொடர் எதையும் பின்தொடர்ந்துகொண்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டில் டிவி வந்திருந்தது.

பைண்டு செய்யப்படாத இன்னொரு வகையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. பத்திரிகைக்கே வராமல் நேராகப் புத்தகமாக வந்து, குறைந்த பிரதிகளில் அச்சாகி, யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் சேராமல் போன நாவல்கள். இவற்றை நான் முப்பது வயசுக்கு மேல்தான் படித்தேன். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்க நூலகம் இருந்ததால் படித்தேன்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. எழுதியவர் இளமையில் இந்தோனேசியாவில் இருந்தவர், மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப்போர், மெடான், பினாங்கு, நேதாஜியின் படை, நடுவில் பாண்டியன் என்ற ஒரு தமிழன், அவன் தலைக்குள் மதுரைத் தெருக்கள். கல்கியும் சாண்டில்யனும் கப்பலேற்றி அனுப்பிய வீரர்களுக்கெல்லாம் இவன் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடுவான் என்று எனக்குத் தோன்றும். இதை வாரத் தொடராக வெட்டவே முடியாது. எங்கே வெட்டினாலும் ரத்தம் வரும். அதனால்தான் பல வருஷம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது, 1997-இல் அவர் இறந்த பிறகே பெரிய பேச்சானது. 'பொன்னியின் செல்வ'னுக்குப் பல்லாயிரம் வீட்டில் பைண்டு இருந்தது. இதற்கு ஒரு வீட்டிலும் இல்லை.

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964. நாஞ்சில் நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பம், அடைபட்ட வீட்டில் வளரும் லிஸி, பனையேறியின் மகன் மேல் அவளுக்கு ஆசை. பெரிய சம்பவம் என்று ஒன்றுமே இல்லாத மாதிரி கதை நகரும், முடித்தபோது கை நடுங்கும். எங்கள் பக்கத்துச் சந்துகளில் கிறிஸ்தவ வீடுகள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வெள்ளைச் சேலையில் போகும் அக்காமார்களை எனக்குத் தெரியும். தமிழ்த் தொடர்கதைகளில் அவர்கள் வந்தால் நர்ஸாகவோ டைப்பிஸ்டாகவோ வந்து தியாகம் செய்வார்கள். லிஸி தியாகம் செய்ய வரவில்லை.

எங்கள் கன்டோன்மென்ட் வாழ்க்கையைச் சொல்லும் நாவல் எது என்று கேட்டால் நான் காட்டுவது வேறு ஊர்க் கதையை. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', 1977. இடம் செகந்திராபாத், அதுவும் பட்டாளத்துக்காகப் போட்ட ஊர். வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கும் உருதும் இங்கிலீஷும், கிரிக்கெட், ரஸாக்கர் காலத்துப் பயம். அந்தப் பையன் சந்திரசேகரன் எங்கள் நைனாவாக இருக்கலாம். அசோகமித்திரன் செகந்திராபாத்தில் பிறந்து, 1952-இல் மெட்ராஸ் வந்து, ஜெமினி ஸ்டுடியோவில் வாசனிடம் வேலை பார்த்தவர். விகடன் முதலாளியின் ஆள் விகடன் பாணியில் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் நாவலில் வாராவாரம் முடிச்சு கிடையாது. ஒரு பையன் சைக்கிளில் போகிறான், வருகிறான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி நாலு பக்கம் படித்துவிட்டு, "இதுல என்னக்கா நடக்குது?" என்று திருப்பிக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தைப் படி என்றேன். படித்துவிட்டு இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாள்.

இன்னொரு விஷயம், எங்கள் ஊர்ச் சங்கடம். எனக்குக் கன்னடம் நன்றாகப் பேச வரும், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பைரப்பாவின் 'பர்வ'வை நான் படித்தது பாவண்ணனின் தமிழில், 'பருவம்' என்ற பெயரில். அந்த மொழிபெயர்ப்புக்கு அகாதெமி பரிசும் கிடைத்தது. பெங்களூரில் பிறந்த எனக்குக் கன்னட நாவலை, தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த ஒருவர் தமிழில் கொடுக்க வேண்டியிருக்கிறது. மகாபாரதத்தில் அதிசயங்களை எல்லாம் உதிர்த்துவிட்டு மனிதர்களை மட்டும் வைத்த நாவல் அது. மிகவும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் குந்தியை அப்புறம் பழையபடி நினைக்க முடியவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும் அவர் 1992-இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய், சென்னையில் நூலகமாகி, ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பயன்படுகின்றன. அங்கே இருப்பது முழு இதழ். பின்பக்கக் கதைக்கும் முன்பக்கம் உண்டு. எங்களைப் போன்றவர்கள் தைத்தது அப்படி இல்லை. ஒன்றைக் காப்பாற்றினோம், அதே கத்தரிக்கோலால் நாலைக் குப்பையில் போட்டோம். மிச்ச இதழ் எடைக்குப் போகும், கடலை மடிக்கும். அதில் ஒரு சிங்காரம் இருந்திருக்கலாம், ஒரு ஹெப்சிபா இருந்திருக்கலாம். வீட்டில் அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

சந்து இப்போது அபார்ட்மெண்ட். எங்களுக்கும் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள், அலமாரிக்கு இடம் இல்லை. தம்பி மகன், "அத்தை, எல்லாம் போன்லயே இருக்கு" என்கிறான். இருக்கிறது, பார்த்தேன். கல்கியின் எழுத்துகள் அரசுடைமை ஆனதால் யார் வேண்டுமானாலும் போடுகிறார்கள். நான் பார்த்த பதிப்புகளில் மணியம் இல்லை. பழைய புத்தகம் வாங்குபவர்கள் இப்போது எங்களுடையதைப் போன்ற பைண்டுகளைத் தேடி வருகிறார்கள், படத்துக்காக. போன மாதம் ஒருவர் வந்தார். 'மிஸ் ஜானகி'யைக் கேட்டார், தரவில்லை. 'காலங்கள் மாறு'மைக் கேட்டார், தரவில்லை. 'கடல்புறா'வை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சில பக்கங்களில் குண்டூசித் துளை உண்டு என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். எந்தப் பக்கங்கள் என்று புரட்டிப் பார்த்துவிட்டு, அதற்காக விலையைக் குறைக்க வேண்டாம் என்றார்.